முத்துப்பேச்சிதான் பேசுறேன்

அம்மாவின் எண்ணுக்கு இசக்கி அழைத்தபோது எடுத்தது ஓர் ஆம்பிளை. யார் பேசுவது என்று கேட்டாள்.

"முத்துப்பேச்சிதான் பேசுறேன்" என்றான், பஸ்ஸில் டிக்கெட் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன கண்டக்டரின் குரலில்.

முத்துப்பேச்சி அப்போது இசக்கிக்கு எதிரில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். இலை எது, காம்பு எது என்று விரல்தான் அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. உப்பளத்து வெள்ளையில் பாதி ஆயுளைக் கழித்த கண்கள். இரண்டிலும் புரை முற்றிப் பால் ஊற்றியது போலக் கிடந்தன.

"நான் முத்துப்பேச்சியோட மக பேசுதேன்" என்றாள் இசக்கி.

அந்தப் பக்கத்திலிருந்து அழுகிறானா சிரிக்கிறானா என்று பிரிக்க முடியாத ஒரு குரல் வந்தது. "உன்னத்தாம்மா ஒரு வருஷமா தேடிக்கினு இருக்கேன். உனக்குப் புண்ணியமாப் போவும். உங்க அம்மா செத்துட்டாங்கன்னு சொல்லிடும்மா."

பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்சில் சொல்லித்தராத, ஆனால் உப்பளத்தில் வளர்ந்த எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த நாலைந்து வார்த்தைகளை இசக்கி அவனுக்குச் சொன்னாள். அவன் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். ஒரு வருஷமாக முத்துப்பேச்சியாக இருப்பவனுக்குப் பொறுமை தானாக வந்திருந்தது.

இந்தக் கூத்துக்கு ஒரு காரணம் இருந்தது. முதலில் மெஷின்கள் முகத்தைச் செய்யக் கற்றுக்கொண்டன. பிறகு குரலை, பிறகு கைரேகையை. செத்த மாமனார் வீடியோவில் வந்து சொத்தை மருமகனுக்கு எழுதிவைத்தார். ஆளை நேரில் பார்த்தாலும் அதிகாரிகள் நம்பப் பயந்தார்கள். கடைசியில் அரசு ஒரு முடிவுக்கு வந்தது: ஒருவர் பேரில் இருக்கும் போன் எண்தான் அந்த ஆள். எல்லாத் துறைகளிலும் கிடந்த கம்ப்யூட்டர் ஷீட்டுகளை ஒன்றாகக் கொட்டி ஒரே பெரிய ஷீட் ஆக்கினார்கள். வெவ்வேறு ஷீட்டுகளில் ஒரே எண்ணில் இரண்டு பேர் இருந்தால் பழைய பதிவு நிற்கும், புதியது அதற்குள் கரைந்துவிடும். ஒரே ஷீட்டில் பலர் ஓர் எண்ணைப் பகிர்ந்திருந்தால் அப்படியே விட்டுவிடுவார்கள். பிறகு அந்த ஷீட்டைப் பூட்டினார்கள். மாதம் ஒருமுறை மெஷின் ஒவ்வொரு எண்ணையும் கூப்பிட்டு, "நீங்கள் இன்னார்தானா?" என்று கேட்கும். அதற்கு உயிர் அழைப்பு என்று பெயர். ஆமாம் என்றால் உயிர் இருக்கிறது. நாட்டில் போன் உள்ளவர்கள் எல்லோரும் அதில் கயிறு கோத்து இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தார்கள். பழைய காலத்தில் தாலியைக்கூட இவ்வளவு கவனமாக யாரும் வைத்திருந்ததில்லை.

முத்துப்பேச்சியிடம் போன் கிடையாது. அந்த வட்டாரத்து உப்பளப் பெண்கள் பலரிடமும் கிடையாது. வீட்டில் இருந்தால் புருசனிடம் இருக்கும், இல்லாவிட்டால் மகனிடம். எந்த அலுவலகத்தில் நம்பர் கேட்டாலும் பெண்கள் சங்கத் தலைவி ஞானப்பூவின் எண்ணைச் சொல்வார்கள். ஞானப்பூவும் தகவல் வந்தால் அளத்துக்கு நடந்துபோய்ச் சொல்லிவிட்டு வருவாள். நல்ல ஏற்பாடுதான். இத்தனை பெண்களுக்கு ஒரு வாய், ஒரு காது. முத்துப்பேச்சியும் "ஞானப்பூ அக்கா நம்பர்தான் என் நம்பர்" என்றே நம்பிக்கொண்டிருந்தாள், கண்ணாஸ்பத்திரிக்குப் போகிறவரை.

அங்கே டாக்டரம்மா கண்ணைப் பார்த்துவிட்டு, இனி தள்ளிப்போட்டால் பார்வை திரும்பாது என்றார். ஒரு கண்ணை இப்போது, மற்றதை அடுத்த மாதம் செய்துவிடலாம் என்றார். கட்டிலில் படுக்கவைக்க முத்துப்பேச்சியின் எண் ஆஸ்பத்திரிக்குள் இருந்து பதில் சொல்ல வேண்டும். ஷீட்டில் இருந்தது ஞானப்பூவின் எண் இல்லை, யாருக்கும் தெரியாத ஏதோ ஓர் எண்; அன்று சாயங்காலம் இசக்கி அழைத்தது அதைத்தான். இது என் அம்மாதான், பாருங்கள், என் மூக்கே இவளுடையதுதான் என்று இசக்கி வாதாடினாள். "நான் நம்புறேன்மா, இந்தக் கட்டில்தான் நம்பாது" என்றார் டாக்டரம்மா.

இசக்கி வேலை பார்த்தது அந்தப் பெரிய ஷீட்டின் கூலிப்படையில்தான். வட்டார எண் நிலையத்தில் ஒப்பந்த ஆபரேட்டர். அவள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள் அவள். தாண்டிப் போய்ப் பார்த்தால் அங்கே ஒரு சக்கரம் கழன்ற நாற்காலி இருந்தது, அதற்கும் பதினொரு மாத ஒப்பந்தம். மறுநாள் காலை அதில் உட்கார்ந்து சங்கத்துப் பெண்களின் வரிசையைத் திறந்தாள். முதல் வரியில் ஞானப்பூவின் எண் சரியாக இருந்தது. அடுத்தவளுக்கு அதைவிட ஒன்று கூடுதல். அதற்கடுத்தவளுக்கு இன்னும் ஒன்று. படிக்கட்டு மாதிரி இறங்கிக்கொண்டே போனது.

பார்த்ததும் புரிந்துவிட்டது. யாரோ ஓர் ஆபரேட்டர் ஞானப்பூவின் எண்ணை முதல் கட்டத்தில் அடித்துவிட்டு, எல்லோருக்கும் இதுவேதானே என்று கட்டத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்திருக்கிறான். ஷீட் அதைப் பிரதி எடுக்கவில்லை. ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது. ஒரு கை இழுப்பில் ஓர் ஊர்ப் பெண்கள் எல்லோரும் முன்பின் தெரியாத யார் யாரோவாக ஆகிவிட்டார்கள்.

துணை வட்டாட்சியர் கோமதிநாயகத்திடம் போனாள். அவர் போனைக் கயிற்றில் கோத்து, கயிற்றைச் சட்டைப் பொத்தானில் சுற்றி, அதற்கு மேல் ஊக்கும் குத்தியிருந்தார். ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலமே இருந்தது. போன் தொலைந்தால் அவர் வேலைபார்த்த காலமே தொலைந்துவிடும்.

"எவனோ தப்பா அடிச்சிருக்கான் சார்."

"தப்பா அடிக்கலம்மா, அதான் பிரச்சினை. ஒழுங்கா அடிச்சிருக்கான்" என்றார் அவர். போன் எண்ணை வெறும் எண்ணாக அடித்தால் முன்னால் இருக்கும் பூஜ்யத்தை ஷீட் தின்றுவிடும். நாட்டுக் குறியான தொண்ணூற்றொன்றையும் சேர்த்து நீளமாக அடித்தால் சுருக்கி, நடுவில் ஒரு E போட்டுக் காட்டும். அதனால் எல்லாக் கட்டத்தையும் முதலில் எழுத்து வடிவத்துக்கு மாற்றிக்கொண்டு அடிக்கவும் என்று அப்போது சுற்றறிக்கை வந்ததாம். "வெறும் எண்ணா விட்டுட்டு இழுத்தா அப்படியே படியும். எழுத்தா மாத்திட்டு இழுத்தா, கடைசியில இருக்கிற எண்ணை ஒண்ணொண்ணாக் கூட்டிரும். சுற்றறிக்கையைப் படிக்காத சோம்பேறி கையில சிக்கின ஊரெல்லாம் இன்னைக்கு நல்லா இருக்கு. உங்க ஊருக்கு வாய்ச்சவன் நேர்மையானவன்."

"சரி சார். இப்பத் திருத்துங்க."

"கட்டத்தைத் திருத்துனா ஆளைத் திருத்துன மாதிரி. ஆள்மாற்றம். ஜாமீன் கிடையாது."

இருப்பவளை இல்லாமல் ஆக்கியதற்கு எந்தச் சட்டத்தில் ஜாமீன் கொடுத்தார்கள் என்று இசக்கி கேட்டாள். அவர் கோபப்படவில்லை. ஒரு பதிவை முடிக்க இரண்டே வழிதான் உண்டு என்றார். ஒன்று கோர்ட், அதற்கு ஆயுள் போதாது. இன்னொன்று சாவு. உயிர் அழைப்பில் செத்துவிட்டார் என்று பதில் வந்தால் மெஷின் வாரிசின் எண்ணைக் கூப்பிட்டு உறுதி கேட்கும். வாரிசு ஒன்றை அமுக்கினால் முடிந்தது. சிம் யார் பேரில் இருக்கிறதோ அவருக்கு எண் திரும்பிவிடும்.

"அப்ப எங்க அம்மா?"

"புதுசாப் பதியலாம். ஆனா புது எண்ணுக்குப் பழைய வரலாறு ஒட்டாது. மூணு வருஷம் ஆகும், ஆஸ்பத்திரி, உதவி எதுவும் கிடைக்க. எண்ணுக்குத்தாம்மா வரலாறு. ஆளுக்கு இல்ல." சொல்லிவிட்டு ஊக்கு சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

அந்தப் பக்கத்து முத்துப்பேச்சியின் பெயர் முனிரத்தினம். ஓசூர்ப் பக்கம் ஸ்கூட்டர் பேட்டரி செய்யும் கம்பெனியில் வேலை. மறுபடியும் இசக்கி அழைத்தபோது, இந்த முறை மரியாதையாகத்தான், எல்லாவற்றையும் கொட்டினான். அவன் சிம் வாங்கியது பின்னால், சங்கத்துப் பதிவு முன்னால். அதனால் அவன் கரைந்து போனான். முதல் மாதம் உயிர் அழைப்பில், நான் முத்துப்பேச்சி இல்லை என்று உண்மையைச் சொன்னான். கம்பெனி கேட் திறக்கவில்லை, ஹோட்டலில் சாப்பாடு தரவில்லை. சுற்றியலைந்துவிட்டு அடுத்த அழைப்பில் ஆமாம் என்றான். கேட் திறந்தது. வாரிசிடம் முன்கூட்டிப் பேசாமல் செத்துவிட்டாள் என்று சொல்லிப் பார்க்க அவனுக்குத் துணிச்சல் இல்லை. அன்றிலிருந்து அவன் உப்பளத் தொழிலாளி, பெண், மணமானவர், ஒரு மகள்.

"ஒரு விசயத்துல உங்க அம்மாவுக்கு நன்றி சொல்லணும். பொம்பளைன்னு நைட் ஷிப்ட் போடறது இல்ல" என்றான்.

ஆனால் அவனுக்கு ரூபவாணி என்று ஒருத்தி இருந்தாள். பதிவு அலுவலகத்தில் இருவரும் மாலையோடு போய் நின்றபோது, இந்த அம்மாவுக்கு ஏற்கெனவே புருசன் இருக்கிறார் என்று அனுப்பிவிட்டார்கள். ரூபவாணி வீட்டில் இந்த மாதக் கடைசி வரைதான் பொறுப்பார்களாம். அதற்கப்புறம் வேறு மாப்பிள்ளை, குறைந்தது அவன் ஆம்பிளையாகவாவது இருப்பான்.

இசக்கி நேராகவே பேசினாள். அவன் ஆஸ்பத்திரிக்கு வந்து முத்துப்பேச்சியாக ஆமாம் சொல்ல வேண்டும். இரண்டு கண்ணும் முடிந்த மறுநாள் அவள் தன் கையாலேயே ஒன்றை அமுக்கி அம்மாவைச் சாகடித்துவிடுவாள். கெடுவுக்கும் அடுத்த கண்ணுக்கும் இடையில் சில நாட்கள் இடிக்கிறதே என்று அவன் மெல்லச் சொன்னான். ரூபவாணிக்கு உன்மேல் ஆசை இருந்தால் காத்திருப்பாள் என்றாள் இசக்கி. அது நியாயம் இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. நியாயமெல்லாம் கண் தெரிகிறவர்களுக்கு என்று நினைத்துக்கொண்டாள்.

அவன் வந்தான். ஒல்லியாக, பெரிய மீசையோடு, கையில் ஒரு பை கொய்யாப்பழத்தோடு. ஆஸ்பத்திரி வாசலில் மெஷின் கூப்பிட்டது. "முத்துப்பேச்சி, உங்கள் வலது கண்ணில் அறுவை செய்யச் சம்மதமா?" அவன் உடனே ஆமாம் சொல்லிவிடவில்லை. போனைக் கையால் பொத்திக்கொண்டு முத்துப்பேச்சியின் பக்கம் குனிந்து, "சம்மதமாம்மா? கேக்கறாங்க" என்றான். பின்னால் நிற்கும் வேறு யாரையோ கேட்கிறானோ என்று அவள் தலையைத் திருப்பினாள். பிறகு தலையை ஆட்டினாள்.

ரெண்டு நாள் அவன் ஷீட்டுப்படி நோயாளி. நோயாளிக்கு வரும் ரொட்டியையும் பாலையும் வாங்கி அம்மாவிடம் கொடுத்தான். கட்டு பிரித்த காலையில் முத்துப்பேச்சி முதலில் பார்த்தது அவனைத்தான். மெதுவாக மேலிருந்து கீழே வரை பார்த்தாள்.

"இவனாட்டி முத்துப்பேச்சி? மீசையெல்லாம் வச்சிருக்கா."

அதற்குப் பின் இசக்கியைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "கறுத்துட்டியே" என்றாள். பட்டம் வாங்கிய அன்றைக்கு எடுத்த போட்டோவைக்கூட அவள் கையால் தடவித்தான் பார்த்திருந்தாள்.

அன்று மத்தியானம் இசக்கி மருந்துச் சீட்டோடு வரிசையில் நின்றாள். முனிரத்தினம் கைபேசியைக் கட்டிலில் போட்டுவிட்டுத் தட்டு கழுவப் போயிருந்தான். கழுவப் போவதற்கு முன் கட்டிலருகே நின்று ரூபவாணியோடு பேசியிருந்தான். பேச்சு முழுக்க "இன்னும் கொஞ்சநாள், இன்னும் கொஞ்சநாள்" என்பதுதான். கண் தெரியாமல் இருந்த காலத்தில் முத்துப்பேச்சிக்குக் காது கூர்மையாகியிருந்தது. அத்தனையும் அவள் காதில் விழுந்தது.

உயிர் அழைப்பு அப்போதுதான் வந்தது. அவன் ஈரக் கையோடு ஓடிவருவதற்குள் அவள் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள்.

நீங்கள் முத்துப்பேச்சிதானா என்று மெஷின் கேட்டது.

"முத்துப்பேச்சி செத்துட்டா" என்றாள் முத்துப்பேச்சி.

மருந்து வரிசையில் இசக்கியின் இடுப்பில் போன் அதிர்ந்தது. உங்கள் தாயார் முத்துப்பேச்சி காலமானதாகத் தகவல் வந்துள்ளது. உறுதி செய்ய ஒன்றை அழுத்தவும், மறுக்க இரண்டை அழுத்தவும். அவள் சீட்டைப் போட்டுவிட்டு ஓடினாள். வார்டில் அம்மா கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தாள். முனிரத்தினம் சுவரோரம் நின்று, நான் கேக்கலங்க, சத்தியமா நான் கேக்கலங்க என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

"எம்மா, உனக்குக் கிறுக்கா? இன்னொரு கண்ணு இருக்கு."

"இருந்துட்டுப் போகுது. ஒரு கண்ணு போதும் எனக்கு, கீரை ஆய."

"மூணு வருஷம் ஆகும். அதுக்குள்ள அவிஞ்சு போயிரும்."

"இந்தப் பய ஆமா ஆமான்னு சொன்னதுலதானட்டி நான் ஒரு வருஷம் உசுரோட இருந்திருக்கேன்? பாவம், அவன் எப்பத்தான் உசுரோட இருக்கது?" முத்துப்பேச்சி கொய்யா விதையைத் துப்பினாள். "எங்க அப்பன்கிட்ட, உங்க அப்பன்கிட்ட, ஞானப்பூகிட்டன்னு எல்லார்கிட்டயும் கேட்டாவ. நீ யாருட்டின்னு என்கிட்டத்தான் யாரும் கேக்கல. இன்னைக்குத்தான் கேட்டுச்சு. நான் சொல்லிட்டேன். நீ அமுக்கு."

போன் மறுபடி மறுபடி அதையே சொல்லிக்கொண்டிருந்தது. ஒன்று, இரண்டு. இசக்கிக்கு அந்தப் போனை ஜன்னல் வழியாக எறிய வேண்டும் போல் இருந்தது. எறிந்தால் அவளும் இருக்கமாட்டாள். எழுத்து வடிவத்துக்கு மாற்றி ஒழுங்காக அடித்த அந்த நேர்மையான ஆபரேட்டர் எங்காவது பதவி உயர்வு வாங்கி நிம்மதியாக இருப்பான் என்று தோன்றியது. அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், புதிதாக வந்த ஒற்றைக் கண்ணால், இமைக்காமல். அந்தக் கண்ணுக்கு எதிரே பொய் சொல்ல முடியவில்லை. உண்மையும் சொல்ல முடியவில்லை.

ஒன்றை அமுக்கினாள்.

"எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள்" என்றது மெஷின்.

அடுத்த வாரம் சுடலைமுத்து எண் நிலையத்துக்கு வந்தார். இசக்கி ஆறாம் வகுப்பு படிக்கும்போது வேறு வீடு பார்த்துப் போன அப்பா. துறைமுகத்தில் வாட்ச்மேன். மனைவி மறைந்த செய்தி அவர் போனுக்கும் வந்திருந்தது. துக்கத்துக்கு விடுப்பு எடுக்கச் சான்று வேண்டுமாம். ஊர் என்ன சொல்லும் என்று நினைத்தோ என்னவோ, கையில் ஒரு மாலை வைத்திருந்தார். மகளைப் பார்த்ததும் முகத்தைத் துக்கமாக ஆக்கிக்கொண்டு, எப்படிம்மா ஆச்சு, கடைசியில் ரொம்பக் கஷ்டப்பட்டாளா என்று விசாரித்தார்.

அது சோற்றுவேளை. தூக்குச்சட்டியோடு முத்துப்பேச்சி உள்ளே வந்தாள்.

சுடலைமுத்து எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்தார். கோமதிநாயகம் அவசர வேலை இருப்பது போல அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

முத்துப்பேச்சி தூக்குச்சட்டியை மேஜையில் வைத்தாள். புருசனைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த மாலையை வாங்கிப் பூவை நசுக்கிப் பார்த்தாள். "வாடாத பூவாத்தான் வாங்கியிருக்கீரு. கல்யாணத்துக்குக்கூட வாடினதுதான் போட்டீரு" என்றாள்.

"பேச்சி, என்னட்டி இது..." என்று அவர் ஆரம்பித்தார்.

"செத்தவகிட்ட என்ன பேச்சு? போதும், போயி அழுது முடியும்." மாலையிலிருந்து நாலு மல்லிகையை உருவித் தலையில் செருகிக்கொண்டு, மகளுக்குச் சோற்றைப் பிசைய உட்கார்ந்தாள்.

இசக்கி சான்றை அச்சடித்துக் கொடுத்தாள். விதிமுறை அதுதான். அவர் போன பிறகு கோமதிநாயகம் அலமாரியை மூடினார். விவாகரத்து கேட்டிருந்தால் பத்து வருஷம் இழுத்திருக்குமே என்றார்.

அம்மா நடமாடினாள், சமைத்தாள், ஒரு கண்ணால் அளத்துக்கும் போய் வந்தாள். ஆனால் இடப்பக்கம் கதவில் இடித்துக்கொண்டாள். குழம்பை ஊற்றும்போது தட்டுக்கு வெளியே ஊற்றினாள். இசக்கி புதுப் பதிவுக்கு எழுதிப் போட்டாள். மூன்று வருஷம் என்று பதில் வந்தது. ஒவ்வொரு முறை அம்மா இடித்துக்கொள்ளும்போதும், ஒன்றை அமுக்கிய விரலைத்தான் பார்த்துக்கொண்டாள்.

ரூபவாணிக்கும் முனிரத்தினத்துக்கும் கல்யாணம் நடந்தது. அவன் படம் அனுப்பியிருந்தான். பதிவுச் சான்றில் மணமகனுக்கு எதிரே, மறுமணம், முன்னாள் கணவர் சுடலைமுத்து என்று அச்சாகியிருந்தது. இசக்கி நெடுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

அதற்குச் சில நாள் கழித்து அவனே கூப்பிட்டான்.

"முனிரத்தினந்தான் பேசுறேன்" என்றான். பெயரைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னான். "இசக்கிம்மா, எனக்கு இடது கண்ணுல புரை முத்திப்போச்சாம். ஆஸ்பத்திரிலேர்ந்து கூப்ட்டாங்க. வலது கண்ணு ஏற்கெனவே பண்ணியாச்சாம், மிச்சம் இதானாம். புதன்கிழமை வந்து படுக்கச் சொல்றாங்க."

இசக்கிக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. பிறகு ஊக்கைத் தடவிக்கொண்டே கோமதிநாயகம் சொன்னது காதில் கேட்டது. எண்ணுக்குத்தான் வரலாறு, ஆளுக்கு இல்லை. செத்தது பெயர் மட்டும். புரை இன்னும் எண்ணோடு இருந்தது.

"நான் படுக்கறதுக்கு வர்றேன். அம்மாவையும் கூட்டியாந்துடுங்க" என்றான் அவன். "ரூபவாணியும் கூட வர்றா. கல்யாணத்துக்கு முன்னாடி நான் எப்படி இருந்தேன்னு அவளுக்குப் பாக்கணுமாம்."

இசக்கி போனைப் பொத்திக்கொண்டு அம்மாவிடம் விவரத்தைச் சொன்னாள். முத்துப்பேச்சி முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"வரச் சொல்லு" என்றாள். "கொய்யாப்பழம் எல்லாம் வேண்டாம். போனை மட்டும் மறக்காம எடுத்துட்டு வரச் சொல்லு."